சாயாத படகு

பெரிய கால்வாயில் ஆட்களை அக்கரை சேர்ப்பது எங்கள் வேலை. வெனிஸில் இந்தப் படகில் எல்லோரும் நின்றுகொண்டுதான் போவார்கள். முன்னால் மோமி துடுப்புப் போடுவான், பின்னால் நான். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே துடுப்பு சொல்லிவிடும்.

அன்று காலை ஒரே ஒரு பெண்மணிதான் ஏறினார். பெயர் ஒர்சோலா, அறுபதைத் தாண்டியவர்.

"ரயில்ல ரெண்டு மணி நேரம்தான் தம்பி, இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றேன். நானும் தங்கச்சியும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொல்லிட்டிருந்தோம். டிசம்பர்ல அவ தவறிட்டா."

"ஊரு தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி வந்துட்டீங்களேக்கா, அதுவே பெரிசு," என்றான் மோமி.

ஒர்சோலா சிரித்தார். மாளிகைகளைப் பார்க்க இடப்பக்க விளிம்புக்கே போய் நின்றுகொண்டார்.

"நடுவுல நில்லுங்கக்கா, சாஞ்சிடும்!" என்றேன்.

படகு சாயவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தது. மோமி திரும்பி என்னைப் பார்த்தான். நான் துடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அக்கரையில் மோமி கைகொடுத்து அவரை இறக்கிவிட்டான். அவர் இறங்கியதும் படகு வலப்பக்கமாகச் சாய்ந்தது.

மோமி படகின் வலப்பக்கமாக மறுபடியும் கையை நீட்டினான். சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு படகு நிமிர்ந்தது.

"ரொம்ப நன்றிப்பா," என்று ஒர்சோலா கரையிலிருந்து சொல்லிவிட்டு நடந்தார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மோமி வலது கையை மட்டும் கழுவவில்லை.

"அந்தத் தங்கச்சி என் கையை எவ்வளவு ஆசையா அழுத்திட்டுப் போனா, தெரியுமா?" என்றான்.