நாலில் ஒன்று

"பொண்ணு என்ன நிறம் பாருங்க சிஸ்டர். எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் இப்படி ஒரு கலர் கிடையாது" என்று நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான் அவன். எட்டு மாதக் குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எதிர்ப் படுக்கையில் அவனுடைய பெரிய பையனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே வந்த தலசீமியா; உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். ஏழு வயதாகிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 'பெட்ரோல் போட' போவதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தான்.

பெற்றவர்கள் இருவர் ரத்தத்திலும் ஒளிந்திருந்த குறை பிள்ளையிடம் வந்து ஒன்றுசேர்ந்துவிட்டது, இப்படிப்பட்டவர்களுக்கு நாலில் ஒரு பிள்ளைக்கு வரலாம் என்று டாக்டரம்மா படம் போட்டே விளக்கியிருந்தார். இந்த நோய் இல்லாத கூடப் பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பையனைக் குணப்படுத்தலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இன்னொரு பிள்ளைக்குத் துணிந்தார்கள்.

அவனுக்கு பல்பு கம்பெனியில் சோதனை மேசையில் வேலை. அவன் கணக்கில், நாலில் ஒன்று போகும் என்றால், போனதை எடுத்துப் போட்டபின் மீதி மூன்றும் எரிந்தாக வேண்டும். வயிற்றில் இருக்கும்போதே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மனைவி எவ்வளவோ கெஞ்சினாள். ஊசி குத்தி உள்ளே இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

"நம்ம கோட்டா பெரியவனோட முடிஞ்சுதுடி. இனிமே வராது."

பொருத்தம் பார்க்கக் குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பதினைந்து நாளாகிறது. இன்று முடிவு.

"பாப்பாவோடது பொருந்திட்டா அப்புறம் ஊசியே கிடையாதாப்பா?" என்றான் பெரியவன்.

"ஒண்ணுகூடக் கிடையாதுடா."

அதற்குள் அவனையும் மனைவியையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஒரு காகிதத்தை மேசைமேல் நகர்த்தினார்.

"பொருத்தம் முழுசா இருக்கு."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். கண்ணாடிக் கதவு வழியே கையை ஆட்டினான். பையனும் ஊசி இல்லாத கையைத் தூக்கி ஆட்டினான். மனைவி மட்டும் அசையவில்லை. டாக்டரம்மாவின் கையில் மிச்சமிருந்த இன்னொரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வச்சுக்கலாம் டாக்டரம்மா? நாளைக்கே லீவு சொல்லிடுறேன்."

அவர் எழுந்து வந்து, அவன் தோளில் கிடந்த குழந்தையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்:

"பாப்பாவுக்கும் இன்னைக்கே ரத்தம் ஏத்தணும்மா."