போயிட்டு வாங்க

“அண்ணி, பாபினை எங்கே ஒளிச்சு வெச்சீங்க?”

“ஒளிக்கலை. நீல நூல் இந்தச் சட்டைக்குப் பொருந்தாது. அதான் எடுத்து வெச்சேன்.”

தையல்காரிக்கு மெஷினிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கணவனின் அக்காவான இந்த அண்ணி உயிரோடு இருந்தவரை, இவள் தையலைக் குறை சொல்ல எப்போதாவதுதான் வருவாள். செத்த பிறகு தினமும் வருகிறாள்.

வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். தையல்காரியைத் தவிர யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதில் உட்காருகிறவர்களோ, “என்னம்மா, நாற்காலி ஐஸ் மாதிரி இருக்கு?” என்று துள்ளி எழுகிறார்கள்.

அன்று வந்தது பள்ளிக்கூட டீச்சர். சீருடை மொத்தமும் இங்கேயே தைக்கக் கொடுப்பதாகச் சொல்லி, முதலில் தனக்கு ஒரு சட்டைக்கு அளவு கொடுத்தாள்.

“இந்தம்மாவுக்குக் கழுத்தே இல்லையே. காலரை எங்கேடி வைப்பே?”

“வாயை மூடுங்க!” என்று கத்திவிட்டாள் தையல்காரி.

டீச்சர் வாயை மூடினாள். துணியைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

“போச்சு! இருந்த ஒரே பெரிய ஆர்டரும் போச்சு. இப்படியே போனா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“நான் மெதுவாத்தானே சொன்னேன்? கத்தினது நீ.”

“செத்தும் ஏன் அண்ணி என் உயிரை வாங்கறீங்க? உங்க தம்பிகிட்டப் போய் உட்காருங்களேன்!”

“அவன் எங்கே கூப்பிட்டான்? நீதானே கூப்பிட்டே.”

“நானா?”

“ஆஸ்பத்திரியில. கண்ணைத் திறக்க முடியலை. ஆனா உன் குரல் நல்லாக் கேட்டுது. ‘போயிட்டு வாங்க’ன்னே. அதுதான் நான் கடைசியாக் கேட்டது.”

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“எந்த வீட்டுக்குப் போனாலும், நான் கிளம்பறேன்னதும் எல்லார் மூஞ்சியும் மலர்ந்துடும். ‘சரி, பார்த்துப் போ’ம்பாங்க. ‘வா’ன்னு ஒருத்தர் வாயிலயும் வராது. என் வாய் லட்சணம் எனக்குத் தெரியாதா? நீ ஒருத்திதான்டி மனசாரச் சொன்னே. வராம எப்படி இருக்கிறது?”

தையல்காரி மெஷின் மேலிருந்த துணியை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“என்னடி முழிக்கிறே? சும்மா வாய் தவறி வந்துடுச்சா? அப்படின்னா சொல்லிடு. இப்பவே போயிடறேன். திரும்ப வரமாட்டேன்.”

ஒரே வார்த்தை. கடை பிழைத்துவிடும். தையல்காரி வாயைத் திறந்தாள்.

அண்ணி இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாயும் தவறலை, ஒண்ணும் தவறலை. உங்களுக்குத்தான் சொன்னேன்,” என்று எரிந்து விழுந்தாள் தையல்காரி. “முதல்ல அந்த நாற்காலியை விட்டு எழுந்து ஸ்டூல்ல உட்காருங்க. பாபினைக் கொடுங்க.”

“நீல நூல்...”

“வெள்ளையே போட்டுத் தொலைக்கிறேன், போதுமா?”

மெஷின் ஓடத் தொடங்கியது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் ‘போயிட்டு வாங்க’ என்று சொன்னது, வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய நர்ஸிடம்.