மார்பளவு

தையற்காரருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சோப்பின் மணம்கூட முன்போலவே தெரிந்தது. ஆனாலும் பரிசோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. வீட்டின் தையல் அறையில், சட்டை மாட்டும் பொம்மையோடு அவரை ஒதுக்கிவைத்தார்கள். நோய் முகத்தைக் காட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். வந்ததாகச் சொல்லிவிட்டு வராமலேயே இருந்ததுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

நுரையீரல் கெட்டால் மார்பு விரியாது என்று அவராகவே முடிவுகட்டினார். அன்றுமுதல் மூச்சை இழுத்தும் விட்டும் டேப்பால் மார்பை அளப்பதே அவருக்கு வேலையாயிற்று.

"இன்னும் அளந்து முடியலையா? புதுச் சட்டை ஏதும் தைக்கிறீங்களா?" என்றாள் கதவுக்கு வெளியே நின்ற மனைவி.

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைப் போய் அடைச்சு வெச்சுட்டு, கிண்டல் வேற."

இன்று காலை மூச்சை முட்ட முட்ட இழுத்தார். டேப் அசையவில்லை. மூச்சை விட்டபோதும் அதே அளவு. திணறலும் இல்லை.

"எழவு டேப்பு" என்று பல்லைக் கடித்தார். டேப்பைச் சரிபார்க்க, அதைப் பொம்மையின் மார்பைச் சுற்றிப் பிடித்தார். அந்த அளவு அவருக்கு மனப்பாடம். இத்தனை ஆண்டுகளில் அது மாறியதே இல்லை.

டேப் அவர் விரல்களை மெல்ல விலக்கியது, பிறகு தளர்ந்தது, மறுபடியும் விலக்கியது.

"என்னங்க, சத்தத்தையே காணோம். மூச்சு நல்லாப் போகுதா?"

அவர் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போகுது" என்றார். "சீராத்தான் போகுது."