சும்மா போகும் பத்துப் பேர்

பரளச்சிக்கு அப்பால் உள்ள கடைசிக் கிராமத்துக்குப் புதிதாக விட்ட பஸ்ஸில் ஜெபக்குமார் கண்டக்டர். தினமும் காலையில் அங்கே பத்துப் பேர் வெறுங்கையோடு ஏறுவார்கள். அருப்புக்கோட்டையில் இறங்கி, டீகூடக் குடிக்காமல் நின்றுவிட்டு, அதே பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். மறுநாள் வேறு பத்துப் பேர்.

யாரையோ வெட்ட நோட்டம் பார்க்கிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். ஒருநாள் திரும்பும் வழியில் தங்கலட்சுமி என்ற பெண்ணை மடக்கினார்.

"டவுன்ல ஒங்களுக்கு என்ன வேலை? உண்மையச் சொல்லும்மா. இல்லாட்டி வண்டிய ஸ்டேஷனுக்கு விடச் சொல்லிருவேன்."

"வேலை ஒண்ணுமில்லண்ணே."

"பெறகு எதுக்கு வாரீக?"

"மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டு, கூட்டம் இல்லன்னா பஸ்ஸ நிறுத்திருவாகளாம். அதான் வீட்டுக்கு வீடு முறை வச்சு ஏறுறோம்."

"காட்டு வேலைய விட்டுட்டா?"

"போன வருசம் எந்தங்கச்சியப் பிரசவத்துக்கு மாட்டுவண்டியிலதாண்ணே கொண்டுபோனோம். டவுனு போய்ச் சேரும்போது உசுரு இல்ல."



அடுத்த விடுப்பு நாளில் ஜெபக்குமார் மனைவி, பிள்ளைகளோடு வந்து அதே பஸ்ஸில் ஏறினார். கடைசி ஊருக்குப் போய்த் திரும்ப, மடியில் இருந்த கைக்குழந்தைக்கும் சேர்த்து முழு டிக்கெட் கேட்டு வாங்கினார்.