கிடார் விற்பனைக்கு, காரணம் அண்டை வீட்டார்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்ததும் முன்னாள் ரயில் டிரைவருக்குக் காது மடல் சூடேறியது.

"எலக்ட்ரிக் கிடார் விற்பனைக்கு. கறுப்பு நிறம். ராக், ஹெவி மெட்டல் வாசிப்பவர்களுக்கு ஏற்றது. மலிவு விலை. வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. விற்கும் காரணம்: அண்டை வீட்டார்."

அண்டை வீட்டாராம்!

தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியேறினார். இரண்டாவது மாடியில் தன் வீட்டு வாசலைத் தாண்டும்போதுகூட நிற்கவில்லை. முட்டிதான் நிற்கச் சொன்னது. இந்த முட்டி என்றைக்கு நல்லது சொல்லியிருக்கிறது?

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தாள் மேல்வீட்டுப் பெண். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடைச் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே கும்பிடாத குறையாகச் சொன்னாள்.

"அங்கிள், சத்தியமா நான் வாசிக்கல. பத்தொன்பது நாளா தொடக்கூட இல்ல. சத்தம் கேட்டுச்சுன்னா அது வேற வீடு."

"அதைத்தான் கேக்க வந்தேன். ஏன் தொடல?"

அவளுக்கு விளங்கவில்லை. வழிவிட்டாள்.

கிடார் சோபாவில் மல்லாந்து கிடந்தது. கன்னங்கரேல் என்று, எருமைக்கும் வௌவாலுக்கும் பிறந்தது போல இரண்டு கொம்புகளோடு. பக்கத்தில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். இத்தனூண்டு டப்பாவா அவ்வளவு சத்தம் போட்டது?

"அஞ்சு மணிக்கு வாங்க ஆள் வர்றார்" என்றாள். "கடையிலேயே இதுதான் அங்கிள் விலை கம்மி. எனக்குன்னு நான் வாங்கின முதல் பொருள்." அதன் கொம்பில் விரலால் ஒருதரம் தடவினாள். பூனையாக இருந்தால் கண்ணை மூடியிருக்கும்.

சுவரில் மணி ஐந்துக்குப் பத்து நிமிடம்.

"எவன் உன்னை நிறுத்தச் சொன்னது?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தாள். மொட்டைக் கடுதாசி. குடியிருப்போர் சங்கத்துக்கு வந்ததைத் தலைவர் அவள் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்.

"கேளுங்க. 'தினமும் மாலை மூன்றாவது மாடியில் ஒரு நாய், தகரத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நாயைக் கட்டிப்போட ஆவன செய்யவும்.' நாயாம் அங்கிள்!" குரல் உடைந்தது.

அவருக்கு வந்ததே கோபம்!

"பேர் போட்டிருக்கானா பாரு! எப்படிப் போடுவான், முதுகெலும்பு இருந்தால்ல! முப்பத்தி நாலு வருஷம் ராத்திரி பகல் பாக்காம ஊர் ஊரா ஹாரன் அடிச்சு எழுப்பி விட்டவன்மா நான். ஒரு பய எனக்கு மொட்டைக் கடுதாசி போடல. ஒரு பொண்ணு சாயங்காலம் ஒரு மணி நேரம் கம்பியைத் தட்டினா இவனுக்குக் காது கிழிஞ்சிருமோ? கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி! அயோக்கியன்!"

அவள் தரையைப் பார்த்தாள். "மன்னிச்சிருங்க அங்கிள். எழுதினது நீங்கதான்னு நெனச்சிட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றார் பெருந்தன்மையாக. ஒருதரம் இருமினார்.

"ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிக்கலாம்தான். ஒரு ஈ காக்காவுக்குக் கேக்காது."

"கேக்கணும்!"

அவர் போட்ட சத்தத்தில் கிடாரின் கம்பிகளே லேசாக முனகின.

"சங்கத்துல நான் பேசிக்கிறேன். நீ ஆறரைக்கு ஆரம்பி. எப்பவும் வாசிப்பியே, நடுவுல சறுக்கி விழுவியே, அதையே வாசி."

"சறுக்கறது கீழ வரைக்கும் கேக்குதா?"

"அதுதாம்மா நல்லாக் கேக்குது."

ஐந்து மணிக்கு வந்த ஆளை அவரே வாசலில் மறித்தார். "வித்தாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கீழே அவர் வீட்டில் மனைவி சோபாவின் அந்தக் கோடியில் இருந்தாள். இவர் இந்தக் கோடியில் உட்கார்ந்தார். நடுவில் ரிமோட்.

கடைசி மகளும் கல்யாணமாகிப் போன பிறகு இருவருக்கும் பேச மிஞ்சியிருந்த விஷயம் கூரைக்கு மேலேதான் இருந்தது. பத்தொன்பது நாளாக அதுவும் இல்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள். "ம்" என்பார். அவ்வளவுதான் குடித்தனம்.

ஆறு முப்பது. ஆறு முப்பத்தொன்று. வண்டி தாமதம்.

ஆறு முப்பத்திரண்டுக்குக் கூரை உறுமியது.

மனைவி டிவியை அணைத்தாள். முகத்தில் விளக்குப் போட்டது போலிருந்தது.

"ஆரம்பிச்சுட்டா பாருங்க மகராசி! இவ திருந்தவே மாட்டாளா?" ரிமோட்டை நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இருங்க, இப்ப சறுக்குவா."

மேலே சரியாகச் சறுக்கியது.

"இது நாய் இல்லங்க, மாடு! தகரத்துல கொம்பை மாட்டிக்கிட்டு முழிக்குது!" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவரும் கையைத் தட்டிச் சிரித்தார்.

மூச்சு வாங்க, முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள்.

"எடுங்க பேனாவை. போன தடவை நான் சொல்லச் சொல்ல எழுதினீங்கள்ல, அதே மாதிரி. இந்தத் தடவை மாடுன்னு போடுங்க."

அவர் சட்டைப் பையைத் தடவினார். நாலாக மடித்த தாளுக்குப் பின்னால் பேனா இருந்தது.

"மை தீந்துபோச்சு" என்றார். "நீ சொல்லிக்கிட்டே இரு."