சத்தமில்லாத ஒரு நிமிடம்

மைதானத்தின் ஒலிபெருக்கியில் அந்தப் பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் வானொலிக் குரல் மெர்ல் குரூகருக்குப் பாராட்டு விழா. நாற்பத்து நான்கு வருடம் பேசிய வாய். புல்தரையின் நடுவே கைத்தடியை ஊன்றி நின்றார். பக்கத்தில் நான்.

இருபத்தாறு வருடமாக ஒலிபரப்பு அறையிலும் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையதுதான். ஒலியைக் கவனிப்பதும், எந்த விளம்பரம் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வைப்பதும் என் வேலை. “டுவைட், நீ பொண்டாட்டிக்கு எழுதுற சீட்டுலகூட மூலையில மணி போடுவடா” என்று கிண்டல் செய்வார். உண்மைதான்.

ஒலிப்பதிவில் அவர் குரல் இளமையாக இருந்தது.

“பந்து மேல போகுது... மேல போகுது... வலது பக்கம் ஓடுறான்... பிடிச்சிட்டான்!”

பிறகு ஒரு வார்த்தை இல்லை. முழுதாக ஒரு நிமிடம், கூட்டத்தின் ஆரவாரம் மட்டும்.

அந்த நிமிடத்துக்காகத்தான் ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரிந்த மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கோ கல்லூரியில் பாடமாகவே வைத்திருக்கிறார்களாம். மேயர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேர்தல் வருகிறது.

அந்த நிமிடத்தில் நாற்காலியில் ஆளே இல்லை. அது எனக்கும் மெர்லுக்கும் மட்டும் தெரியும்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றும் பகல் ஆட்டம். எங்கள் பந்துவீச்சாளன் ஓட்டேரோ, ஒன்பது சுற்றில் ஏழு முடிந்தும் எதிரணியில் ஒருவனைக்கூடப் பந்தை அடித்து ஓடிச் சேரவிடவில்லை. எங்கள் மைதானத்தில் அதுவரை அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே கிடையாது.

அந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஆட்கள் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஓட்டேரோவின் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எங்கள் அறையிலும் அதே கதைதான். இடம் மாறக்கூடாது, மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் கெட்டுப்போகும். நான் நாலெழுத்து படித்தவன்தான். ஆனாலும் நம்பினேன்.

எட்டாவது சுற்று தொடங்கும்போது என் பக்கத்துத் தொலைபேசியின் விளக்கு மின்னியது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். மெர்லின் மனைவி அடீல் மூன்று நாளாக நினைவில்லாமல் கிடந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றுதான் அவர் வேலைக்கே வந்திருந்தார்.

“முழிச்சிருக்காங்க. அவரைத்தான் கேக்குறாங்க. ரொம்ப நேரம் தாங்காது, உடனே அனுப்புங்க.”

ஒரு தாளைக் கிழித்து அப்படியே எழுதினேன். எழுதியதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஆறு பேர் அவுட்டானால் போதும், கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அன்றைக்குப் பார்த்து அடித்துத் தள்ளினார்கள். எதிரணி பந்துவீச்சாளனை மூன்று தடவை மாற்றியது, ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. நடுவில் ஒரு தரம் தாளை எடுத்தேன். மெர்ல் என்னைப் பார்த்துச் சிரித்தார், குழந்தை மாதிரி. மூன்று நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். தாளைத் திரும்ப அடியில் சொருகிவிட்டேன்.

கடைசிப் பந்து பிடிபட்டதும் அவர் மைக்கை அணைத்துவிட்டுத் தாளை நீட்டினேன்.

“இப்பத்தான் போன் வந்துச்சு” என்றேன்.

படித்தார். தாளோடு ஓடினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு நிமிடம் கழித்து விளம்பரத்தைப் போட்டேன்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்னால் அடீல் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்தார். அதே பக்கத்து நாற்காலி. என் மகள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசினார், எனக்கு நெஞ்சு வலித்தபோது இரண்டு ராத்திரி கூட இருந்தார். நான் சொல்லவே இல்லை. அவருக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. இந்த விழா முடிந்தால் பிழைத்தேன்.

ஒலிப்பதிவு நின்றது. கைதட்டல் ஓயவில்லை. அணி நிர்வாகத்துப் பெண் ஒருத்தி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். அன்றைய ஆட்டத்தை மெர்ல் தன் கையால் குறித்து வைத்த ஸ்கோர் புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள்.

கொடுப்பதற்கு முன் மெர்ல் கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பிரித்தார். பின்னட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“பெட்டியில இது வேணாம்” என்றார், மைக்குக்கு எட்டாத குரலில். “ஊரு படிச்சிரும். நீயே வச்சுக்க.”

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிரித்தேன். எத்தனை தடவை விரித்து மடித்ததோ, மடிப்புகளில் தாள் நாலாகக் கிழிந்திருந்தது.

மூலையில் என் கையெழுத்தில் மணி 2.52.

அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார். ஆட்டம் முடிந்தது, 3.41.