பொன்னாடைப் படமும் அணிலின் கேள்வியும்

காட்டுப் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ்புக் பக்கம் கிளியின் பொறுப்பில் இருந்தது. துணைவேந்தர் மயிலுக்குப் பொன்னாடை போர்த்தாத நாளில்லை. ஒவ்வொன்றுக்கும் கிளி ஐந்து படம் போடும்.

படத்துக்குக் கீழே, அங்கே படிக்கும் அணில், "அக்கா, பரீட்சை என்னைக்கு?" என்று கேட்கும். அதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கக் கிளிக்கு ஏது நேரம்? எல்லாருக்கும் ஒரே கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த பொன்னாடைக்குப் பறந்துவிடும்.

பரீட்சை நாளன்று கூடத்தில் ஈ காக்காய் இல்லை.

"என்ன கிளி, ஒரு பிள்ளையையும் காணோமே?" என்றது மயில்.

தேதியையே போடவில்லை என்பது கிளிக்கு அப்போதுதான் உறைத்தது. "இதோ ஐயா" என்று காலி பெஞ்சுகளைப் படமெடுத்து, "காப்பியடிக்க ஒருவரும் இல்லாத பல்கலைக்கழகம்!" என்று போட்டது. மயில் முதல் ஆளாக லைக் போட்டது.

கீழே அணில், "அக்கா, அப்போ பரீட்சை முடிஞ்சுபோச்சா? எங்க வருஷம் என்னாகும்?" என்று கேட்டது.

கிளி அதற்கும் ஒரு கும்பிடு போட்டது.